சின்னதுதானே!

கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கப் போகிற நேரத்தில், தாமிரபரணிக் கரையோர ஊர்களில் ஏதாவது ஒரு குயவர் வீட்டு வாசலில் இப்படி ஒரு காட்சி நடக்கும். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு ஓர் அப்பா இறங்குவார். அவருக்கு முன்னாலேயே ஏழு வயது மகள் குதித்து இறங்கி, வெயிலில் காய்கிற பானைகளை எண்ண ஆரம்பித்திருப்பாள்.

"அண்ணாச்சி, பாப்பாவுக்குச் சிறுவீட்டுப் பொங்கலுக்கு ஒரு பானை வேணும். சின்னதா."

"எவ்வளவு அரிசிக்கு?"

அப்பா இதை யோசித்துக்கொண்டு வந்திருக்கமாட்டார். "ஒரு... ஒரு கைப்பிடி போதும்."

"யாரு கைக்கு அண்ணாச்சி? உங்க கைக்கா, பாப்பா கைக்கா?"

பாப்பா உடனே கையை நீட்டிக் காட்டுவாள். குயவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். விரித்துப் பார்க்கச் சொல்வார், மூடிப் பார்க்கச் சொல்வார். அளவு எடுத்தாகிவிட்டது! எந்த டேப்பும் இல்லை, நோட்டும் இல்லை. அடுத்து விலை. குயவர் ஒரு தொகை சொன்னதும், அப்பா வாயிலிருந்து யோசிக்காமலே வந்து விழும் வார்த்தை ஒன்று உண்டு.

"சின்னதுதானே அண்ணாச்சி, பாத்துச் சொல்லுங்க."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வார்த்தையைப் பற்றியது. சொன்னவர் கெட்டவர் இல்லை. மகளுக்காக இத்தனை தூரம் வந்தவர், நல்ல அப்பாதான். ஆனால் அந்த வார்த்தை தப்பு. ஏன் தப்பு என்று கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

சிறுவீடு தெரியாதவர்களுக்கு

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை, தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்.

மார்கழி மாதம் முழுக்க விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டு, சாண உருண்டை பிடித்து, அதில் பூசணிப்பூ செருகி வைப்பார்கள். பெரும்பாலும் வீட்டுச் சிறுமிகளின் வேலை இது. அந்தச் சாணத்தையும் பூவையும் வீசிவிடுவதில்லை. தட்டிக் காயவைத்துச் சின்னச் சின்ன எருவாட்டியாகச் சேர்த்து வைப்பார்கள் (சென்னைக்காரர்கள் வறட்டி என்று படித்துக்கொள்ளவும்). பெரியவர்களின் பொங்கல் முடிந்த பிறகு, தை மாதத்தில் ஒரு நல்ல நாளில் சிறுவீட்டுப் பொங்கல் வரும். முற்றத்திலோ வாசலிலோ மண்ணால் ஒரு குட்டி வீடு கட்டுவார்கள். அறை, அடுப்படி, வாசல் எல்லாம் அதில் உண்டு. கோலமும் உண்டு. அந்த வீட்டுக்கு முன்னால், குட்டி அடுப்பில் குட்டிப் பானை வைத்துச் சிறுமிகள் பொங்கலிடுவார்கள். பிறகு சேர்த்து வைத்த எருவாட்டியைத் தட்டில் எடுத்துப்போய், மேலே சூடம் ஏற்றி, ஆற்றிலோ குளத்திலோ மிதக்க விடுவார்கள். குலவையும் கும்மியும் தனி.

இந்த விழாவில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இது பொய்ச் சோறு பொங்கி விளையாடுகிற விளையாட்டு இல்லை. நிஜ நெருப்பு, நிஜ அரிசி, நிஜ வெல்லம். வேகவைத்த பொங்கலைப் பெரியவர்கள் வாங்கிச் சாப்பிட வேண்டும். ஆகவே பானையும் நிஜப் பானையாக இருக்கவேண்டும். அளவு மட்டும்தான் குழந்தைக்கு.

சொப்பு வேறு, பானை வேறு

கோயில் திருவிழாக் கடையில் சொப்பு சாமான் கிடைக்கிறதே, அதில் ஒரு பானையை எடுத்து அடுப்பில் வைத்தால் என்ன? வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும். அடுப்பு அணைந்துபோகும். குழந்தை அழும்.

காரணம் மண்ணில் இருக்கிறது. சொப்புக்குப் பார்வையாக இருந்தால் போதும். அதனால் நல்ல வழுவழுப்பான களிமண்ணே போதும், மேலே பெயின்ட் கூட அடித்துக்கொள்ளலாம். சமைக்கிற பானைக்கு அப்படி முடியாது. அடியில் நெருப்பு சுடுகிறது, உள்ளே தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. ஒரே சுவரின் ஒரு பக்கம் விரிகிறது, மறுபக்கம் விரிய மறுக்கிறது. இந்த இழுபறியைத் தாங்குவதற்காகத்தான் சமையல் பானை மண்ணில் மணல் சேர்க்கிறார்கள். மணல் பருக்கைகள் நடுநடுவே இருந்தால், விரிசல் ஒன்று கிளம்பினாலும் நேராக ஓடிச் சுவரைப் பிளக்காமல் அங்கங்கே முட்டி நின்றுவிடும். ஆனால் மணல் கூடினால் மண்ணின் பிசுபிசுப்பு குறையும், சக்கரத்தில் நினைத்தபடி வளையாது. மெல்லிய சுவர் எழுப்புவது கஷ்டம். பெரிய பானையில் இதைச் சமாளிக்கலாம். சுவர் விரல் தடிமன் கூட இல்லாத குட்டிப் பானையில், ஒரு பெரிய மணல் பருக்கை மாட்டினாலே அந்த இடம் ஓட்டையாகிவிடும். ஆகவே குட்டிப் பானைக்கு மணலைத் தனியாகச் சலிக்க வேண்டும். இந்தச் சலிப்பு, அப்பா வண்டியைக் கிளப்பிப் போன பிறகு நடக்கிற வேலை. அவர் கண்ணில் படாது.

அடுத்தது அடிப்பாகம். சமையல் பானைக்கு உருண்டை அடி இருப்பது அழகுக்காக இல்லை. தட்டையான அடியில் சுவரும் தரையும் சேர்கிற மூலை இருக்கும், சூடு ஏறும்போது விரிசல் முதலில் அங்கேதான் விடும். உருண்டையில் மூலையே இல்லை. சரி, ஆனால் சமைக்கப்போவது ஏழு வயதுக் குழந்தை! உருண்டை அடிப் பானை ஆடும், சாயும். கொதிக்கிற பொங்கல் காலில் கொட்டினால்? தட்டையாகச் செய்தால் குழந்தைக்குப் பத்திரம், பானைக்கு ஆபத்து. உருண்டையாகச் செய்தால் பானைக்குப் பத்திரம், குழந்தைக்கு ஆபத்து. பெரியவர்கள் பானையில் எழாத கேள்வி இது. பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாம். குழந்தைக்கான பானையில், பார்த்துக்கொள்ள வேண்டியது பானையின் வேலை.

குயவர் இதற்குக் கண்டுபிடிக்கிற வழிகள் பல. அடியை உருண்டையாகவே வைத்து, வயிற்றைக் கொஞ்சம் அகலமாக்கி உயரத்தைக் குறைப்பார், அப்போது சாயாது. மூன்று அடுப்புக்கட்டியையும் அதே மண்ணில் பானைக்குப் பொருத்தமாகச் செய்துகொடுப்பவரும் உண்டு. விளிம்பை வழக்கத்தைவிட வெளிப்பக்கம் மடக்கி விடுவார், துணியால் பிடித்தால் சின்ன விரல்கள் வழுக்காது. கழுத்தைக் கொஞ்சம் ஒடுக்குவார், மஞ்சள் குலை கட்டினால் நழுவக் கூடாதே! இத்தனையும் உள்ளங்கை அளவு பொருளில்.

கை நுழையாத பானை

இனிதான் முக்கியமான இடம். பானை சக்கரத்திலேயே முடிந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். டிவியிலும் சினிமாவிலும் காட்டுவது அதைத்தான். சக்கரம் சுற்றும், இரண்டு கை நடுவே மண் மலரும், பாட்டு முடியும். உண்மையில் அது பாதி வேலை கூட இல்லை.

சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுக்கிற பானைக்கு அடிப்பாகம் தடித்தோ திறந்தோ இருக்கும். அதை நிழலில் கொஞ்ச நேரம் வாடவிட்டு, மண் ரொம்ப ஈரமும் இல்லாமல் ரொம்பக் காயாமலும் இருக்கிற பதத்தில் எடுத்து, உள்ளே ஒரு வழுவழுப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி உருட்டுவார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலியும், மண் இறுகும். பல வீடுகளில் இந்தத் தட்டுகிற வேலையைப் பெண்களும் செய்கிறார்கள். பானையின் உயிரே இந்தத் தட்டலில்தான் இருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கல்லைப் பிடித்த கை பானைக்குள் போகவேண்டும். பெரிய பொங்கல் பானையில் கை முழங்கை வரை போகும். ஏழு வயதுக் குழந்தையின் கைப்பிடி அரிசிக்கான பானையின் வாயில், உழைத்து உழைத்துத் தடித்த ஒரு குயவரின் கை நுழையவே நுழையாது! இரண்டு விரல் போகும். அந்த இரண்டு விரலுக்கு நடுவில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தை விரல் நுனியால் உணர்ந்து, வெளியே மெதுவாகத் தட்டவேண்டும். ஒரு தட்டு பலமாக விழுந்தால் பானை ஒடுங்கிவிடும். மறுபடி மண்ணுருண்டைதான்.

காய்வதிலும் இதே கதை. மெல்லிய சுவர் சீக்கிரம் காயும். சீக்கிரம் காய்ந்தால் நல்லதுதானே என்று தோன்றும். விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கி, அடிப்பாகம் ஈரமாகவே இருந்தால் நடுவில் விரிசல் விட்டுவிடும். அதனால் ஈரத்துணி போட்டு மூடி மூடி, திருப்பித் திருப்பி வைக்கவேண்டும். அதுவும் எந்தக் காலத்தில்? வடகிழக்குப் பருவமழை அடங்கியும் அடங்காத காலத்தில். மழைக்காலத்தில் தொழில் படுத்துவிடுகிறது என்பதால்தான் மண்பாண்டத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு மழைக்கால நிவாரணம் என்று ஒரு தொகை கொடுத்து வருகிறது. தை மாதத்துக்கான பானையை அந்த ஈரக் காலத்திலேயே செய்தாகவேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்று, மண் சுருங்கும். காயும்போதும் சுருங்கும், சூளையிலும் சுருங்கும். மண்ணைப் பொறுத்துப் பத்தில் ஒரு பங்கு வரை போகலாம். பாப்பாவின் கைக்கு அளவெடுத்த பானையை அதே அளவில் செய்தால், சூளையிலிருந்து வெளியே வருவது அவளுடைய தம்பிக்கான பானையாக இருக்கும்! எவ்வளவு பெரிதாகச் செய்தால் எவ்வளவு சிறிதாக வரும் என்ற கணக்கு எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. அது அந்தக் குளத்து மண்ணையே வருஷக்கணக்காகப் பிசைந்தவர் கையில் இருக்கிறது.

அகல்விளக்கு மட்டும் எப்படி?

"அகல்விளக்கும் சின்னதுதானே, அதை நிமிஷத்துக்கு நாலு செய்கிறார்களே?" என்று ஒரு கேள்வி வரலாம். நியாயமான கேள்வி.

அகல் விரித்த வாய் கொண்டது, உள்ளே தட்ட வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், ஆயிரம் அகலும் ஒரே அளவு. ஒரு பெரிய மண் குவியலைச் சக்கரத்தில் வைத்து, அதன் உச்சியில் ஒன்று வனைந்து நூலால் அறுத்து வைத்துவிட்டு, கையை எடுக்காமலே அடுத்ததைத் தொடங்கலாம். பத்தாவது அகலுக்குக் கை பழகிவிடும், நூறாவது அகலுக்குக் கண்ணே தேவையில்லை. கார்த்திகைக்கு முன்னால் அந்த வேகத்தில்தான் வருமானம் இருக்கிறது.

தனி ஆர்டர் அந்த வேகத்தை நிறுத்துகிறது. ஒரே ஒரு பானைக்காக மண்ணைத் தனியாகப் பிசைந்து, அளவை மனதில் வைத்து, கையைப் புது அளவுக்குப் பழக்கவேண்டும். பழகி முடிக்கும்போது பானை முடிந்துவிடும்! அந்தப் பழக்கத்தால் இனி பயன் இல்லை. அதோடு விவரம் தெரிந்த எந்தக் குயவரும் ஒன்று மட்டும் செய்யமாட்டார். காயும்போது ஒன்று போகலாம், சூளையில் ஒன்று போகலாம். சொன்ன நாளில் பாப்பாவுக்குப் பானை இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே மூன்றாவது செய்வார். மூன்றும் தப்பித்தால் நல்லதுதான், ஆனால் மீதி இரண்டை யார் வாங்குவார்?

இப்போது கணக்குக்கு வருவோம். பெரிய பானையின் பாதி உயரத்தில் அதே வடிவத்தில் ஒரு பானை செய்தால், அது கொள்வது பாதி இல்லை, எட்டில் ஒரு பங்கு. மண்ணும் அந்த விகிதத்தில் குறைந்துவிடும். சூளையிலும் பெரிய பானைகளின் சந்தில் அதைச் சொருகி வைக்கலாம், தனி விறகு செலவில்லை. ஆக, வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிகிற மண், இடம், எடை எல்லாமே குறைவு. கண்ணுக்குத் தெரியாத யோசனை, நேரம், தட்டல், காவல் எதுவுமே குறையவில்லை, சில கூடியிருக்கின்றன. "சின்னதுதானே" என்று சொல்லும்போது நாம் விலை பேசுவது மண்ணுக்கு. மண்ணுக்கு மட்டும் விலை கொடுத்தால், வேலையை அவர் இலவசமாகக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

தையல் கடையில் இது நமக்குப் புரிகிறது. குழந்தைக்குக் கொசுவம் வைத்த கவுன் தைக்கக் கொடுத்தால், "துணி கொஞ்சம்தானே, கூலியைக் குறை" என்று சொன்னால் தையல்காரர் சிரிப்பார். கடையில் ஒரு சாண் நீளம்கூட இல்லாத பிராண்டட் ஷூவுக்கு ஸ்டிக்கரில் ஒட்டிய விலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். மண் என்று வந்தால் மட்டும் ஏன் எடைபோடுகிறோம்?

அந்தக் காலத்தில்...

ஒரு காரணம் பழைய வழக்கத்தில் இருக்கலாம். முன்பு பல கிராமங்களில் குயவருக்குப் பானைக்கு இவ்வளவு என்று காசு கிடையாது. வருஷம் முழுக்க வீட்டுக்கு வேண்டிய பானையைக் கொடுப்பார், அறுவடைக் களத்தில் அவர் பங்குக்கு நெல் அளப்பார்கள். வீட்டுப் பெண்பிள்ளைக்கு ஒரு குட்டிப் பானை வேண்டும் என்றால் அதுவும் அந்தக் கணக்கிலேயே போய்விடும். அதற்கென்று தனி விலை யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

அந்த முறை திரும்ப வரவேண்டும் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க முடியாது. களத்துமேட்டில் நின்று, அளக்கிறவர் மனசுக்கேற்ப வாங்கிக்கொண்டு போவதில் எவ்வளவு தலைகுனிவு இருந்திருக்கும் என்று நின்றவர்களைத்தான் கேட்கவேண்டும். அது போனது நல்லதே. ஆனால் நெல் அளப்பது நின்றுபோன பிறகும், "குழந்தைக்குத்தானே, சும்மா கொடுங்க" என்ற எதிர்பார்ப்பு மட்டும் நிற்கவில்லை. உறவைக் கழற்றிவிட்டு உரிமையை மட்டும் வைத்துக்கொண்ட கதை இது.

மண்ணும் அப்படித்தான். பக்கத்துக் குளத்தில் தேவைப்பட்டபோது எடுத்துக்கொண்ட மண்ணுக்குப் பிற்காலத்தில் அனுமதி, அலுவலகம், அலைச்சல் என்று ஆனது. 2024-ல்தான் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று நீர்நிலைகளிலிருந்து கட்டணமில்லாமல் மண் எடுக்கலாம் என்று தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. நல்ல விஷயம். ஆனால் மண் இலவசம் என்பதால் பானையும் இலவசமாகிவிடாது. தாள் விலையை வைத்து யாரும் புத்தகத்துக்கு விலை போடுவதில்லை.

உடைஞ்சிடுமே!

எதிர்த்தரப்பு வாதங்களையும் பார்த்துவிடுவோம். முதலாவது, "குழந்தை கையில் கொடுத்தால் ஒரே நாளில் உடைத்துவிடும். எவர்சில்வரில் வாங்கினால் பேரப்பிள்ளை வரை வரும்."

உண்மைதான், உடையும். ஆனால் உடைவது மண்பானையின் குறை என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? உடையும் என்று தெரிந்த பொருளைக் குழந்தை பிடிக்கிற விதமே வேறு. இரண்டு கையாலும் பிடிக்கும், பார்த்து வைக்கும். புதுப்பானையை வாங்கியதும் அடுப்பில் ஏற்றக் கூடாது. தண்ணீரில் ஊறவைத்து, அரிசி கழுவிய தண்ணீரோ கஞ்சித் தண்ணீரோ ஊற்றிவைத்து, மெதுவாகச் சூடேற்றிப் பழக்கவேண்டும். ஒரு குழந்தைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எவர்சில்வர் எதையும் கேட்காது. எப்படி வீசினாலும் சும்மா இருக்கும்.

அப்படியும் உடைந்தால்? உடைந்த ஓட்டை வட்டமாகத் தேய்த்தால் பாண்டி ஆடச் சில்லு கிடைக்கும். இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. கீழடி அகழாய்வில் பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை அந்த ஊரின் காலத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறது. அப்போதும் ஏதோ ஒரு வீட்டில் பானை உடைந்திருக்கிறது, திட்டு விழுந்திருக்கும், பிறகு விளையாட்டு நடந்திருக்கும்!

இரண்டாவது வாதம் இன்னும் நேர்மையானது. "குழந்தைக்கே மண் பொருள் பிடிப்பதில்லை. அது கலர் கலராக பிளாஸ்டிக்கைத்தான் கேட்கிறது." இதுவும் பழைய கதைதான். மிருச்சகடிகம் என்ற சமஸ்கிருத நாடகத்துக்குப் பெயர் வந்ததே இப்படித்தான். பண்டிதமணி கதிரேசன் செட்டியார் அதை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழில் கொண்டுவந்தார். அதில் ஏழையாகிப்போன சாருதத்தனின் பிள்ளை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் பொன்வண்டியைப் பார்த்துவிட்டு, தனக்குக் கிடைத்த மண்வண்டி வேண்டாம் என்று அழுகிறான். ஆகவே குழந்தைகளைக் குறைசொல்லிப் பயனில்லை, டிவி விளம்பரத்தை மட்டும் குறைசொல்லியும் பயனில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பிள்ளைக்கு வண்டியைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். தனக்காகவே செய்யப்படுகிற பொருளைக் குழந்தை வேறு மாதிரி பார்க்கும். கையை நீட்டி அளவு கொடுத்த பாப்பா, அடுத்த பத்து நாளும் "என் பானை காஞ்சிருக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் காத்திருப்பது பொருளுக்காக மட்டும் இல்லை. எங்கோ ஒருவர் தன் கையை ஞாபகம் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார் என்பதற்காகவும்தான். கடையில் வாங்கிய எந்தப் பொம்மையும் இதைக் கொடுக்க முடியாது. அதைச் செய்தவருக்கு அந்தக் குழந்தை யாரென்றே தெரியாது.

மூன்றாவது வாதம்தான் உண்மையில் கனமானது. "குயவரின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகட்டுமே! நம்முடைய பாரம்பரிய ஆசைக்காக அவர்கள் ஏன் மண் மிதிக்கவேண்டும்?" இதற்கு எதிர்வாதமே கிடையாது. போகட்டும், போகவேண்டும். பிறந்த சாதிக்காக ஒருவர் ஒரு தொழிலில் கட்டிப்போடப்படுவதை எந்தப் பொங்கலும் நியாயப்படுத்தாது. ஆனால் விருப்பப்பட்டு இதைச் செய்கிறவர் இன்றைக்கும் இருக்கிறார். செய்ய ஆசைப்பட்டும் கட்டுப்படியாகாமல் விட்டவரும் இருக்கிறார். "பாரம்பரியம் அழியக் கூடாது" என்று ஃபார்வர்டு அனுப்புகிற நாம், அவரிடம் போய் நின்றதும் "சின்னதுதானே" என்கிறோம். தொழிலை விட்டுப் போகச் சொல்வதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. அழியக் கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கேட்ட விலையைக் கொடுக்க மட்டும் எல்லோருக்கும் முடியும்.

ஆகவே...

குழந்தைக்கு ஒரு பானை செய்யச் சொல்லுங்கள். சிறுவீட்டுப் பொங்கல் இல்லாத ஊராக இருந்தால் ஓர் உண்டியலோ, தண்ணீர் குடிக்க ஒரு குவளையோ சொல்லுங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். ஒரு பானைக்காகச் சூளை மூட்ட முடியாது, அடுத்த சூளை வரை அவர் காத்திருக்க வேண்டும். குழந்தையைக் கூட்டிப்போங்கள், அளவு கொடுக்கட்டும். முடிந்தால் இரண்டாகச் சொல்லுங்கள். அவர் எப்படியும் மூன்று செய்யத்தான் போகிறார். விலை சொன்னால், அது பெரிய பானையின் விலைக்குப் பக்கத்தில் இருந்தாலும், கொடுத்துவிடுங்கள்.

தை மாதம் அந்த நாள் வரும். வாசலில் மண்வீடு நிற்கும். மூன்று கட்டிக்கு மேல் பானை ஆடாமல் உட்கார்ந்திருக்கும். பாப்பா தன் கையால் ஒரு பிடி அரிசி அள்ளிப் போடுவாள், அது பானைக்குச் சரியாக இருக்கும். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் நுரைத்து விளிம்பைத் தொட்டு, அந்த மடக்கிய உதட்டின் வழியே வழியும். எல்லோரும் குலவை விடுவார்கள். விளிம்பை ஏன் அப்படி மடக்கியிருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

அதற்கான விலையை மட்டும் யாராவது ஒருவர், பேரம் பேசாமல், முன்கூட்டியே கொடுத்திருக்கவேண்டும்.